மூன்று படி கீழே

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஜீரோ அக்கா. நெடுஞ்சாலையோரத்து எடைமேடையில் பதினெட்டு வருடமாக அவள்தான் எடை பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறாள். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் போதும், மேடையில் நிற்கிற லாரியைக் கீழே இறக்கச் சொல்லிவிடுவாள். வெறும் மேடைக்கு எந்திரம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஏற்றுவாள். பின்னால் பத்து வண்டி நின்றுகொண்டு ஹாரன் அடித்தாலும் சரி, டிரைவர் தலையில் அடித்துக்கொண்டாலும் சரி, அவள் மசிவதில்லை. அப்போது அவள் குரல் லேசாக நடுங்கும். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு டிரைவர்கள் முணுமுணுத்தபடியே வண்டியைப் பின்னுக்கு எடுப்பார்கள். கோபமாவது ஒன்றாவது. அது பயம். பள்ளிக்கூடத்தில் பிடித்த பயம்.

பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்டைக் கண்டால் பயம், பலூனைக் கண்டால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காமலிருந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அதைவிடப் பயம். எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' சொல்ல வாய் வராமல் தொடர்ந்து பதினோரு நாள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பள்ளிக்கு வராதவளாக இருந்தாள். வீட்டுக்குக் கடிதம் போயிற்று. பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்த அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, "கண்ணு முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளை உங்களுக்குத் தெரியலையா" என்று வகுப்பாசிரியரைப் பிடி பிடியென்று பிடித்தாள். மகள் அந்நேரம் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள்.

இப்படிப்பட்ட ஆள் பதினோராம் வகுப்பில் போய் நாடகமும் இசையும் என்ற பாடத்தை எடுத்தாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுடைய கணக்கு வேறு. அறிவியல் எடுத்தால் வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு வாய்மொழியாகக் கேள்வி கேட்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இசை என்றால் நாற்பது பேர் சேர்ந்து பாடுவார்கள், நாம் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். முதல் நாள் உள்ளே போய்ப் பார்த்தால் மொத்தம் எட்டே பேர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் கடைசி வரிசை எது? வகையாக மாட்டிக்கொண்டாள்.

டீச்சர் ஒல்லியானவர். ரப்பர் செருப்பும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு நிமிடம் உட்காரமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு நட, சுவரில் முட்டுகிற வரை சிரி, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உன் பெயரைக் கத்திச் சொல் என்றெல்லாம் செய்யச் சொல்வார். அவள் முறை வரும்போது கழிவறைக்கு ஓடுவாள். முதல் வாரத்திலேயே வகுப்பு அவளுக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்து, கூப்பிடச் சௌகரியமாக நடுங்கி என்று சுருக்கியும் விட்டது. பாட வரவில்லை, நடிக்கவும் வரவில்லை. ஆனால் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் அவள் விரலுக்கு அது வந்துவிடும். டீச்சர் அதைக் கண்டுபிடித்து அவளைக் கீபோர்டின் முன்னால் உட்காரவைத்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு மேசை கிடைத்ததே.

அதே வகுப்பில்தான் சங்கு இருந்தாள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவரின் மகள். அவள் வாயைத் திறந்தால் ஆலையில் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும் என்று வைத்த பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான். பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும், ஒருவர் நடித்துப் பாடவும் மற்றவர் வாசிக்கவும் வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, எல்லோரையும் விட்டுவிட்டுச் சங்கு நேராக நடுங்கியிடம் வந்தாள். நீ பேசமாட்டாய், நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன், கணக்கு சரியாகப் போகும் என்றாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு, நூலகம், பேருந்து நிறுத்தம் எல்லாமே ஒன்றாகத்தான். நடுங்கிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான், அப்போதைக்கு ஒரே சிநேகிதியும்.

இப்போது பொத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் உண்டு. பாடுகிற ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஒரு சுருதி உண்டு. சங்கு சத்தமாகப் பாடுவாளே தவிர மிக உயரத்துக்குப் போகிற குரல் இல்லை. அவளுக்கு வாசிக்க வேண்டுமென்றால் பாட்டை அப்படியே மூன்று படி கீழே இறக்கி வாசிக்க வேண்டும். இறக்கினால் விரல் கறுப்புக் கட்டைகளில் போய் விழும். முதல் மாதம் அவள் முயற்சி செய்தபோது விரல் வழுக்கி எங்கேயோ அமுக்கி, பூனை வாலை மிதித்தது போல் ஒரு சத்தம் வந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சர்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்தார். அதோடு சரி. கறுப்புக் கட்டை என்றாலே அவள் கை பின்வாங்கும்.

ஒரு மதிய இடைவேளையில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானில் துணி பட்டுப் 'பீப்' என்றது. வாசித்துப் பார்த்தாள். அதே வெள்ளைக் கட்டை, ஆனால் சத்தம் ஒரு படி கீழே கேட்டது. மூன்று தடவை அமுக்கினால் திரையில் கழித்தல் மூன்று என்று வந்தது. விரல் வெள்ளையிலேயே ஓடலாம், வருகிற சத்தம் மட்டும் சங்குவின் சுருதியில் வரும். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே, திருடியதைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

அது திருட்டுதான் என்று வகுப்புக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். தேர்வு விதிகளில் நான்காவது: வாசிப்பவர் பாடகரின் சுருதியில் தம் விரலாலேயே வாசிக்க வேண்டும், எந்திரத்தால் சுருதியை மாற்றினால் வாசிப்புக்கு மதிப்பெண் இல்லை. வாசிப்புக்கு மதிப்பெண் இல்லையென்றால் அவளுக்குப் பாடத்தில் வேறு என்ன இருக்கிறது? தோல்விதான். தோற்றால் அச்சகத்துக்கு வந்து தாள் மடி என்று, அச்சகத்தில் எந்திரம் ஓட்டுகிற அப்பா ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லியிருந்தார். பயந்தவர்களுக்கு விளையாட்டு காதில் விழுவதில்லை. இனி கறுப்புக் கட்டையைப் பழகிக்கொள்ளலாம் என்று திங்கள்தோறும் நினைப்பாள். வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஆறு மாதம் இப்படியே போயிற்று. கீபோர்டைப் போட்டதும் தொண்டையைச் செருமுகிற சத்தத்தோடு சேர்த்து மூன்று தடவை அமுக்குவாள், உடனே திரையை மறைத்து நோட்டைச் சாய்த்துவைப்பாள். அணைத்தால் எந்திரம் தானாகவே பூஜ்யத்துக்குப் போய்விடும். அதனால் தடயமும் இல்லை. இதைச் சங்குவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லத்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள்.

சங்குவுக்கோ இந்தத் தேர்வுதான் எல்லாம். செய்முறையில் எண்பது வாங்கினால் இசைக் கல்லூரியில் இடம் உண்டு என்று கடிதம் வந்திருந்தது. எண்பது வராவிட்டால் பெயின்ட் கடையில் கல்லாப்பெட்டிக்குப் போக வேண்டியதுதான், அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். அந்தக் கடிதத்தை அவள் மடித்து மடித்து, அது மடிப்பில் கிழிந்தே போயிருந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு சின்ன நாடகம் எழுதினார்கள். தொலைந்துபோன பொருட்களைத் தேடி வருகிற அலுவலகத்தில் ஒரு பெண் தன் குடையைக் கேட்டு வருகிறாள். நடுங்கிதான் அந்த அலுவலகத்துக் குமாஸ்தா. முதலில் அவளுக்கு ஒன்பது வரி இருந்தது. ஒவ்வொன்றாக அழுது அடித்துக் குறைத்து ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்தினாள்: "இங்க எதுவும் வரல." அதன் பிறகு பாட்டு. முதல் பாதி தாழ்வாக, தனக்குத்தானே பேசிக்கொள்வது போலப் போகும். நடுவில் எட்டு எண்ணிக்கைக்குக் கீபோர்டு மட்டும். பிறகு பாட்டு ஏறி ஏறி உச்சியில், 'யாராவது பார்த்தீங்களா' என்று நிற்கும். அந்த உச்சிதான் சங்குவின் குரலுக்கு எல்லை. ஒரு நாள் பயிற்சியில் வேண்டுமென்றே ஒரு படி ஏற்றிப் பாடிப் பார்த்தாள். குரல் பலகை பிளப்பது போல் பிளந்துபோயிற்று. பலமாகச் சிரித்துவிட்டு, அப்புறம் திரும்பி நின்று நெடுநேரம் தண்ணீர் குடித்தாள்.

தேர்வு நாள் காலை ஏழரைக்கே நடுங்கி அரங்கத்துக்குப் போய்விட்டாள். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கீபோர்டைப் போட்டு, மூன்று தடவை அமுக்கி, நோட்டைத் திரைமேல் சாய்த்துவைத்து, அதன் சிவப்பு விளக்கு எரிவதை நாலு தடவை வந்து வந்து பார்த்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேடைக்கு எதிரில் மேசை போட்டு உட்கார்ந்தார். முதலில் போன ஜோடிகள் சப்ளாக்கட்டையும் புல்லாங்குழலும் வைத்துக்கொண்டவர்கள், அவர்களுக்குக் கீபோர்டு வேண்டியிருக்கவில்லை. இவர்கள் இருவரும் வெளியே வராந்தாவில் காத்திருந்தார்கள். நடுங்கியின் கை ஐஸ் மாதிரி இருந்தது. சங்கு அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

கூப்பிட்டார்கள். போனார்கள். சங்கு மேடையின் ஓரத்திலிருந்து நனைந்தவள் போல நடந்து வந்து குடையைப் பற்றிக் கேட்டாள். தேர்வாளர் புன்னகைத்தார். நடுங்கி தன் ஒரு வரியை மென்று முழுங்கி எப்படியோ சொல்லி முடித்தாள். பிறகு விரலைக் கட்டையில் வைத்தாள்.

முதல் சத்தம் வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளிச்சமான சத்தம். உயரமான சத்தம். இது அவர்கள் சத்தமில்லை. விரல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கண் தானாகச் சுவர்ப்பக்கம் போயிற்று. பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு நாற்காலி, அதன்மேல் வெந்நீர் வைக்கிற ஒரு கரண்ட் கெட்டில், கெட்டிலின் மூக்கிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தேர்வாளரின் மேசையில் வெந்நீர்க் குவளை. பள்ளி அலுவலகத்து உதவியாளர் அம்மா ஜலதோஷக்காரருக்கு வெந்நீர் வைக்க, இருந்த ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து கீபோர்டைப் பிடுங்கியிருக்கிறார், பொறுப்பாகத் திரும்பச் செருகியும் இருக்கிறார். சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது. இடது கை ஓய்வெடுத்த ஒரு கணத்தில் நோட்டின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். பூஜ்யம்.

சங்கு பாட ஆரம்பித்துவிட்டாள். முதல் பாதி தாழ்வானது, மூன்று படி மேலேயும் தாங்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீச்சர்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சங்கு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கீபோர்டுப் பக்கம் பார்த்துப் பாடுவது போலிருந்தது. நடுங்கியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உச்சி வரப்போகிறது. அங்கே குரல் பிளக்கும். எல்லோருக்கும் முன்னால், இந்த அமைதியில், பலகை பிளப்பது போல. யாரும் கீபோர்டைக் குறை சொல்லமாட்டார்கள். பாடத் தெரியாமல் பாடினாள் என்றுதான் சொல்வார்கள். எண்பது போகும், கல்லூரி போகும். வாயைத் திறக்காமல் இருந்தால் தன் தலை தப்பும், யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. நிறுத்தினால் பொத்தான் தெரியும், ஆறு மாதத் திருட்டு தெரியும், டீச்சர் முகம், அப்பா முகம், அச்சகம், எல்லாம்.

முதல் பாதி முடிந்தது. எட்டு எண்ணிக்கை தொடங்கியது. ஒன்று, இரண்டு. தைரியம் எங்கிருந்தாவது வந்து சேரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மூன்று, நான்கு. பயம்தான் இருந்தது, அதுவும் இரண்டு பயம். ஒன்று அவளுக்குப் பழகியது, தன்னை எல்லோரும் பார்ப்பார்களே என்பது. மற்றது சங்குவின் குரல் பிளக்கப்போகிற சத்தம். ஐந்து. அந்தச் சத்தத்தை இப்போதே கேட்டுவிட்டாள். ஆறில் கையை எடுத்துவிட்டாள்.

"சார், நான் தப்பா ஆரம்பிச்சுட்டேன்."

தேர்வாளர் முகம் மலர்ந்து ஏதோ எழுதிக்கொண்டார். குமாஸ்தா குறுக்கே பேசுவது நாடகத்தில் ஒரு திருப்பம் என்று நினைத்துவிட்டார். மேலே சொல்லட்டும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு தடவை சொல்லவே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரைத் திரட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இது நாடகத்துல இல்ல சார். நிஜமாவே தப்பு. சுருதி மூணு படி மேல இருக்கு. அவ மேல தப்பில்ல, என் மேலதான்."

தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் சரியான சுருதியில் வாசிக்கலாமே என்று சாதாரணமாகச் சொன்னார். அவள் கறுப்புக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நிற்கவே, அந்தச் சுருதி விரலில் வருமா என்று கேட்டார். வராது என்று தலையசைத்தாள். அவர் நான்காவது விதியை நினைவுபடுத்தினார். டீச்சர் எழுந்து, கழுத்துக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்தார். நடுங்கி நோட்டை எடுத்துக் கீழே வைத்தாள். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. பீப், பீப், பீப் என்று மூன்று சத்தமும் அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டன.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவளுடைய ஒரு வரி இப்போது அழுகையோடு வந்தது. பிறகு சங்கு பாடினாள். உச்சியில், 'யாராவது பார்த்தீங்களா' என்று குரல் போய் நின்ற இடத்தில் அப்படியே நின்றது. தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வாசிப்புக்கு அவளுக்கு ஒன்றுமில்லை, பாடத்தில் தோற்றாள். அப்பா அச்சகத்தின் பேச்சையே எடுக்கவில்லை. கழிவுத் தாளில் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்து, எழுதிப் பழகு என்றார். எதை எழுதிப் பழகுவது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அடுத்த வருடம் கறுப்புக் கட்டைகளை நான்கே மாதத்தில் பழகித் தேறினாள். நான்கு மாத வேலைக்குத்தானா இவ்வளவு பாடு என்று அப்போது ஆத்திரமாக வந்தது. இசை அவளுக்குப் பிழைப்பாகவில்லை. கல்யாணம், ஒரு மகள், எடைமேடை. சங்கு எண்பத்துமூன்று வாங்கிக் கல்லூரிக்குப் போனாள். இப்போது வேறொரு ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். சிரித்தால் இன்னும் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஜீரோ அக்காவுக்கு இன்றும் உடம்பு சிலிர்ப்பது தேர்வாளரை நினைத்து இல்லை. அன்று அரங்கத்தை விட்டு வெளியே வந்து, குடிதண்ணீர்க் குழாயின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பட்டன் விஷயம் எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "இன்னைக்கும் முதல் சத்தத்துலயே தொண்டைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா பாடினே? நீயே நிறுத்தியிருக்கலாம்ல?"

"நீ நிறுத்துறியான்னு பார்த்தேன்."

நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நடுங்கி கேட்டாள். அந்த வரியைப் பாடாமல் பேசியே முடித்திருப்பேன், நாடகம்தானே, அவருக்கு என்ன தெரியும் என்றாள் சங்கு, தோளைக் குலுக்கிக்கொண்டு. நடுங்கி அப்படியே அவளைப் பார்த்தாள். குரல் பிளந்திருக்காது. எண்பது போயிருக்காது. தான் தோற்றதுதான் மிச்சம்.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தாலும் உனக்கு மார்க் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றாள் சங்கு. எழுந்து குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். "ஆனா அதுக்கப்புறம் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, எழுந்துகொள்ள ஈரக் கையை நீட்டினாள். லிஃப்டுக்கும் பலூனுக்கும் போன் மணிக்கும் பயந்தவள், தேர்வாளருக்கும் அப்பாவுக்கும் பயந்தவள், சிநேகிதி போய்விடுவாள் என்கிற இது ஒன்றுக்கு மட்டும் பயப்படத் தோன்றாமல் இருந்துவிட்டாள். ஆறில் கையை எடுத்தவளுக்கு அது இரண்டே எண்ணிக்கை தூரத்தில் இருந்தது.